பூசை வேளையும் ஏனை வேளையும்

ஒரு நாளுக்கு நாழிகை 60. சிவதீக்கை பெற்று, அநுட்டானமும் ஆன்மார்த்த சிவபூசையும் நாடோறும் வழுவாது இயற்றும் அன்பர் ஒருவர், நீராடல் முதற் பூசை நிறைவு ஈறாக அவற்றிற்குச் செலவிடும் காலத்தை அளந்து நோக்குவாராயின், அது மிகப் பெருகினும் 6 நாழிகைக்கு மேற் செல்லுதல் அரிது. உறக்கத்திற்கு 15 நாழிகை கழித்தால் எஞ்சி நிற்பன 39 நாழிகை. இந்த 39 நாழிகையில் அவர் உண்கிறார், பொருள் தேடுகிறார், பிறரோடு உரையாடுகிறார், வழக்கிடுகிறார், மக்களை வளர்க்கிறார். அப்பொழுது அவர் பூசையில் இருந்த அவ்வன்பரே தாமோ, பிறிதொருவரோ? ஓரிடத்து அமர்ந்து செய்யும் தியானத்திற்கும், ஓடியாடிச் செய்யும் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பு யாது? இதனைச் சித்தாந்த நூன்முறை பற்றியும், நம் சிற்றறிவிற்கு எட்டிய அநுபவம் பற்றியும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இதன்கண் இரு திறத்தார் உளர். ஒரு சாரார், பூசையும் தியானமும் ஒரு துறை, உலகியல் பிறிதொரு துறை என்பர். கடையில் இருக்கும்பொழுது வணிகன் வணிகனாகவே இருத்தல் வேண்டும், பூசையில் அமர்ந்தபொழுது அடியானாக இருப்பின் அமையும் என்பது அவர் கருத்து. இவர் பூசையை விதி வழுவாது செய்வார். ஆயின் பூசையறையின் வாயிற்படியைக் கடந்த அளவிலே அதன் மணம் அவரை விட்டு நீங்கிவிடும். மற்றொரு சாரார், கடமையே வழிபாடு, உள்ளத்தில் நினைவு ஒன்று இருப்பின் போதும், கண்மூடி ஓரிடத்து அமர்தலும் மலரிடுதலும் எண்ணிச் செபித்தலும் தொடக்க நிலையினர்க்கே உரியன என்பர். இக்காலத்துப் பின்னவர் தொகையே பெருகி வருகின்றது. இவ்விருவர் கூற்றும் நிரம்பிய கொள்கை அல்ல என்பது நம் துணிபு. அதனை முறையே காட்டுதும்.

முதற்கண் உயிரின் இயல்பை நோக்குவோம். உயிர் தனித்து நில்லாது. யாதானும் ஒன்றைச் சார்ந்தே நிற்கும். சார்ந்ததன் வண்ணமாகவே விளங்கும். இது நம் நூல்கள் பலகாலும் வற்புறுத்தும் உண்மை. படிகத்தின் அருகே செம்பொருள் இருப்பின் அது சிவந்து தோன்றும். நீலப்பொருள் இருப்பின் நீலமாய்த் தோன்றும். இனி, ஒருவன் உயிர் 6 நாழிகை சிவத்தைச் சார்ந்து, 39 நாழிகை ஆணவத்தையும் ஆசையையும் சார்ந்து நிற்குமாயின், அது எவ்வண்ணத்ததாகும்? இதற்கு விடை கூற நூற்பயிற்சி வேண்டா. கணக்கறிந்த சிறுவனும் கூறுவன். ஆகலின் பூசை வேளையை மட்டும் காத்து ஏனை வேளையைக் கைவிடுதல், ஒரு கையால் நீர் இறைத்து மற்றொரு கையால் வாய்க்காலை உடைத்துவிடுதலோடு ஒக்கும் என்க.

இதனை நாம் நூலிற் கற்றது இளமையில். உள்ளபடி அறிந்தது முதுமையில். அறிந்த வகையை மறைத்தல் முறையன்று ஆகலின், நம் குற்றம் ஒன்றை ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் நன்னூல் பாடங் கேட்டு வந்த மாணவன் ஒருவன் இருந்தான். வறிய குடியிற் பிறந்தவன், அறிவுடையவன். எழுத்ததிகாரத்தில் உயிரீற்றுப் புணரியல் வரையிற் பாடம் நடந்திருந்தது. ஒரு நாட் காலை நாம் பூசையில் அமர்ந்து அகப்பூசை செய்துகொண்டிருந்தபொழுது, திண்ணையில் நின்று 'ஐயா' என்று அவன் அழைத்தான். நாம் அசையவில்லை. சிறிது பொழுது கழித்து மீண்டும் அழைத்தான். பூசையை நிறைவு செய்து வெளியே வந்த நாம், 'பூசை வேளையில் வாயிலில் நின்று கூவுதல் கற்கும் பிள்ளைக்கு அழகோ? ஈராண்டு இங்கு வந்து நீ கற்றது இதுதானோ?' என்று கடிந்து கூறினோம். அவன் மறுமொழி ஒன்றும் கூறாது, கையிலிருந்த நன்னூற் புத்தகத்தைத் திண்ணையின்மேல் வைத்துவிட்டு, வணங்கிப் போயினான். அவன் தந்தை நோய்ப்பட்டமையாற் படிப்பை விடுத்து, வெளியூரில் ஒரு கடைக்கு வேலைக்குச் செல்ல அன்று காலை வண்டிக்குப் புறப்பட்டவன் என்பதும், இரவல் வாங்கிய புத்தகத்தைத் தந்து விடைபெற வந்தவன் என்பதும் நண்பகலில் அயலார் சொல்ல அறிந்தோம்.

அகப்பூசையில் எட்டு மலர் இடுதல் நம்மவர் வழக்கு. கொல்லாமை, ஐம்பொறி அடக்கம், பொறுமை, இரக்கம், அறிவு, வாய்மை, தவம், அன்பு என்பன அவை. அன்று காலை நாம் மூன்றாவதாக இட்ட மலர் பொறுமை. நான்காவதாக இட்ட மலர் இரக்கம். அவற்றை இட்டு அரை நாழிகையும் கழியவில்லை. வாயிலில் ஓர் ஏழை மாணவன் முன் நின்றபொழுது அம்மலர் இரண்டும் நம்மிடத்து இல்லை. இல்லாத மலரை எங்ஙனம் இட்டோம்? பெயரை இட்டோம், மலரை இட்டிலோம். இவ்வெண்ணம் அன்று முதல் நம்மை விட்டு நீங்கிற்றிலது.

புறப்பூசைக்குரிய மலர் நந்தவனத்திற் பூக்கும். அதனை வைகறையிற் சென்று பறித்துக் கொணர்தல் வேண்டும். பூசையறையில் எம்மலரும் பூப்பதில்லை. அகப்பூசைக்குரிய எட்டு மலருக்கும் அங்ஙனமே நந்தவனம் ஒன்று உண்டு. அது பூசை ஒழிந்த 39 நாழிகையே. பொறுமை எங்கே பூக்கும்? நம்மை ஒருவன் இகழ்ந்த இடத்திற் பூக்கும். வாய்மை எங்கே பூக்கும்? பொய் சொன்னால் ஊதியம் வரும் இடத்திற் பூக்கும். இரக்கம், நமக்கு வேலை மிகுந்திருக்கும்பொழுது ஒருவன் வந்து தன் துன்பத்தைக் கூறும் இடத்திற் பூக்கும். பொறியடக்கம், இலையில் இட்ட உணவு இனிதாயிருக்கும் இடத்திற் பூக்கும். முந்தைய நாளில் இவற்றைப் பறியாதவன் மறுநாட் காலையில் எதனை இடுவன்? ஆகலின் பூசையானது தனக்கு வேண்டும் பொருளை அன்றாட வாழ்க்கையிடத்தே எதிர்பார்த்து நிற்கின்றது என்பது தெளிவாம்.

யோகமுறையை நோக்கினும் இதுவே போதரும். யோக உறுப்பு எட்டு. இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என அவை நிற்கும். திருமூல நாயனாரும் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில் இவ்வெட்டினையும் விரித்தருளினார். ஓரிடத்து அமர்தல் இவற்றுள் மூன்றாவதாகிய ஆதனத்திலேதான் தொடங்குகின்றது. அதற்கு முன் நிற்பன இயமமும் நியமமும். அவை கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலாகவும், தூய்மை, தவம், உள்ளத்தின் நிறைவு முதலாகவும் வருவன. இவை கண்மூடி இருந்து பயிலப்படுவன அல்ல; ஊரினுள் மக்களோடு பழகிப் பயிலப்படுவன. எனவே தியானத்தின் முதல்வாயில் பூசையறைக்கு வெளியே உள்ளது. அவ்வாயிலிற் புகாது உட்சென்றேன் என்பான் உட்சென்றவன் அல்லன்.

இனி, இயங்கும் வாழ்க்கையிலேயே இடையறா நினைவு கைகூடுமோ என்று ஐயுறுவார் உளராயின், அவர்க்குத் திருத்தொண்டர் வரலாறுகளே சான்றாகும். காஞ்சியில் ஏகாலியர் குலத்து உதித்த திருக்குறிப்புத் தொண்ட நாயனார் செய்தது ஆடையொலிக்கும் தொழில். அடியார்தம் ஆடையை மாசு நீக்கிக் கொடுத்தலே அவர்தம் பணி. இறைவன் குளிர்காலத்து மெலிந்த அடியாராய் அழுக்கேறிய கந்தையோடு வந்தருள, அதனை மாலைக்குள் ஒலித்து உலர்த்தித் தருவதாக ஏற்றார். மழை விடாது பெய்தது, பொழுது சாய்ந்தது. அடியார் குளிரால் வருந்துவரே என்று ஆற்றாது, துணி ஒலிக்கும் கற்பாறையிலே தம் தலையை மோதப் புகுந்தார். இறைவன் திருக்கை தோன்றிப் பிடித்தது. இவர்க்குத் தியானபீடம் அக்கல்லே. இவர்தம் திருப்பெயரை நோக்குக. அடியார்தம் உள்ளக் குறிப்பை அவர் கூறுமுன் அறிந்து செய்தமையால் வந்த பெயர் அது. குறிப்பறிதலாவது யாது? தன் நினைவில் தான் மூழ்காது, எதிர்நிற்பார் உள்ளத்தில் தன் உள்ளத்தைச் செலுத்துதல். திண்ணையில் நின்ற மாணவன் இருமுறை அழைத்த குரலில் ஒரு குறிப்பு இருந்தது. நாற்பது ஆண்டு பூசை செய்த நாம் அதனை அறிந்திலோம். ஏகாலியராகிய நாயனார் அறிந்திருப்பர்.

ஆனாய நாயனார் ஆநிரை மேய்த்தவர். மேய்ச்சற் காட்டிலே கொன்றை மரம் ஒன்று பூத்து நின்ற கோலம் அவர்க்குச் சிவபெருமானாகவே தோன்றிற்று. வேய்ங்குழலில் ஐந்தெழுத்தை அமைத்து ஊதினார். அவர் ஆநிரையை விட்டுத் தியானத்திற்குச் சென்றாரல்லர். ஆநிரையினிடையே அது கைகூடிற்று. திருநாவுக்கரசு சுவாமிகள் கையிற் கொண்டது உழவாரம். திருப்புகலூர்த் திருமுற்றத்தில் அவர் புல்லைச் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றின. அவற்றையும் பருக்கைக் கல்லோடு ஒப்ப வாரி வாவியில் எறிந்தார். தியானத்தில் அமர்ந்திருக்கும்பொழுது பொன்னை வெறுத்தல் எளிது. அங்கே பொன் வாராது. வேலை செய்யும் கையின்கீழ் அது வந்தபொழுது கை நடுங்காமையே நினைவு இடையறாமைக்கு அடையாளம்.

இதுகாறும் கூறியவற்றை நோக்கி, பின்னவராகிய கடமையே வழிபாடு என்பார், 'நீவிர் எம் கொள்கையையே நிறுவினீர். இனிப் பூசையும் தியானமும் எற்றுக்கு?' என்பரேல், அற்றன்று. அவர் கூற்றையும் ஆராய்வாம்.

சாக்கிய நாயனார் புத்த சமயத்திற் புகுந்து, பின்னர்ச் சிவமே மெய்ப்பொருள் எனத் தெளிந்தவர். அவ்வேடத்தை மாற்றாமலே அன்பு செய்தவர், புறக்கோலத்தைப் பொருளென்னாதவர். உள்ளத்து நினைவே போதும் என்று சொல்லத் தக்கவர் ஒருவர் உளராயின் அவர் இவரே ஆவர். ஆயினும் அவர் என் செய்தார்? சிவலிங்கத்தைக் கண்ட அன்றே உண்ணுமுன் வணங்குதலை நியமமாகக் கொண்டார். அன்பின் மிகுதியால் எறிந்த கல்லொன்றை அடுத்த நாள் நினைந்து, அதனையும் நாட்கடனாக்கினார். ஒருநாள் மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வந்ததும் உணவை விட்டெழுந்து விரைந்து ஓடிக் கல்லெறிந்தார். இங்கே ஒன்று நோக்கத் தக்கது. அத்துணைப் பேரன்பினர்க்கும் மறதி வந்தது. மறந்தவரை எழுப்பியது எது? உண்ணுமுன் செய்தல் வேண்டும் என்று அவர் வகுத்துக்கொண்ட நியமமே. நியமம் இல்லாதவன் மறந்தால், மறந்தான் என்பதையும் அறியான். 'எப்பொழுதும் நினைக்கின்றேன்' என்று அவன் கூறுவது, நினையாத பொழுதைக் கண்டுபிடிக்கும் அளவுகோல் அவனிடத்து இல்லாமையானேயாம்.

பூசலார் நாயனாரையும் நோக்குக. திருநின்றவூரில் இருந்து உள்ளத்திலே கோயில் எடுத்தவர் அவர். புறத்தே ஒரு கல்லும் வைத்திலர். எனினும் அகத்தே அவர் கொண்ட முறை எத்தகையது? பொருள் தேடினார், கருவிகளையும் தச்சரையும் தேடினார், நன்னாள் பார்த்துத் தொடங்கினார், இரவிலும் துயிலாது அடிநிலை முதற் சிகரம் ஈறாக முறையே அமைத்தார், கிணறும் மதிலும் குளமும் வகுத்தார், பதிட்டைக்கு நாள் குறித்தார். அந்நாளே காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர் கோமானும் குறித்த நாளாயிற்று. இறைவன் அரசன் கனவிற்றோன்றி வேறுநாட் கொள்ளுமாறு அருளினான். அகவழிபாடு என்பது நினைத்தபொழுது நினைத்து விடுத்தபொழுது விடும் எளிய பொருளன்று. புறவழிபாட்டினும் மிக்க ஒழுங்குடையது என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரத்தில், இறைவனோடு ஒன்றாகி அவன் பணியிலே நிற்றலைக் கூறியவழி, ஐம்புலன்களின் நடுவே இயங்கியும் அரனடி நீங்காதார்க்கு விரைந்தோடும் குதிரையை நடத்துவோரை உவமை காட்டினார். குதிரை ஓடுகின்றது, மேலிருப்பவன் வீழ்கின்றிலன். இவ்வுவமையைப் பின்னவர் தம் துணையாகக் கொள்வர். ஆயின் அக்குதிரைப் பாகன் பிறந்த அன்றே குதிரை ஏறினானோ? அடைத்த வெளியிலே, கயிறு பிடித்த ஆசான் முன்னிலையில், நாடோறும் குறித்த பொழுதில், பலகால் வீழ்ந்தும் எழுந்தும் பயின்றமையாலன்றோ போர்க்களத்தில் அவன் வீழாதிருக்கின்றான்? அவ்வடைத்த வெளியே நம் பூசை வேளை. போர்க்களம் ஏனை வேளை. பயிலும் வெளியை விட்டு வெளியேறாதவன் வீரன் அல்லன். பயிலாது களம் புகுந்தவன் மீளான்.

இன்னும், சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் எங்கே நிற்கின்றது என்று நோக்குதல் வேண்டும். ஒன்பதில் ஐந்தெழுத்தின் வழி நிற்றலும், பத்தில் இறைபணி நிற்றலும், பதினொன்றில் மறவா அன்பினால் திருவடி அடைதலும் கூறிய ஆசிரியர், அவற்றோடு நூலை முடித்திலர். அவற்றின் பின்னரே, அடியவரோடு கூடுதலையும், அவர்தம் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு வழிபடுதலையும் வைத்தார். இவ்வழிபாடு சீவன்முத்தர்க்கு உரியதாகக் கூறப்பட்டது. மலம் நீங்கிய அவர்க்கும் வாசனை தாக்கும். பெருங்காயம் இருந்த பாண்டத்தைக் கழுவிய பின்னும் மணம் நிற்றல் போல்வது அது. முத்தி நிலையினரும் விடாத ஒன்றைத் 'தொடக்க நிலையினர்க்கு உரியது' என்று நாம் விடுதல் எங்ஙனம் பொருந்தும்? ஏணியின் உச்சிப்படியிற் கோயிலைக் கட்டிய ஆசிரியர் கருத்தை, முதற்படியில் நிற்பார் மாற்றுதல் தகாது.

சேக்கிழார் பெருமான் திருவுள்ளமும் இதற்கு அரணாம். திருத்தலையூரில் தாமரைத் தடாகத்தில் கழுத்தளவு நீரில் நின்று அல்லும் பகலும் உருத்திர மந்திரம் செபித்த உருத்திரபசுபதி நாயனாரையும், துணி ஒலித்த நாயனாரையும், மீன் பிடித்த அதிபத்த நாயனாரையும் அவர் ஒரு நிரையிலே வைத்துப் போற்றினார். செபித்தவர் மேலோர் என்றும், தொழில் செய்தவர் கீழோர் என்றும் கூறிற்றிலர், மாற்றியும் கூறிற்றிலர். இருவரிடத்தும் இருந்தது ஒன்றே, அது மறவாமை. ஒருவரிடத்து அது நீரில் நின்றது. மற்றவரிடத்து நீரில் வேலை செய்தது.

இனி இவ்வாராய்ச்சியில் நம் போல்வார் பெரிதும் எண்ணாது விடும் பொருள் ஒன்று உண்டு. நாம் 6 நாழிகை அமைதியாக அமர்ந்து பூசை செய்கின்றோமெனில் அவ்வமைதி எங்கிருந்து வந்தது? வைகறையில் எழுந்து அறையை மெழுகியவர் ஒருவர். நீர் கொணர்ந்து வைத்தவர் ஒருவர். நிவேதனத்திற்கு அடுப்பின் முன் நின்றவர் ஒருவர். அழும் குழந்தையை வெளியே தூக்கிச் சென்றவர் ஒருவர். பெரும்பாலும் இவ்வனைவரும் இல்லத்து மகளிரே. மடங்களிலும், பூசை நடக்கும் வேளையில் மடைப்பள்ளியிற் புகையின் நடுவே நிற்பார் சிலர். நம் தியானத்தைத் தாங்கி நிற்பது அவர்தம் உழைப்பு. அவர்க்கு அமரும் பொழுது வாய்த்திலது. வாழ்க்கையினிடையே செய்யும் நினைவு தாழ்ந்தது என்று நாம் கூறுவோமாயின், நம் பூசைக்கு நீர் கொணர்ந்தவரைச் சிவத்திற்கு அயலாக்கியவராவோம். அவர்க்கும் சிறிது பொழுது அமர இடஞ்செய்து தருதலும், அந்நேரத்தில் அவர் பணியை நாம் ஏற்றலும் நம் பூசையின் உறுப்பெனவே கொள்ளத் தக்கன. இதனை நாம் காலந்தாழ்த்தே அறிந்தோம்; அறிந்த பின் ஓரளவு செய்து வருகின்றோம்.

இனி இவ்விரண்டையும் இயைக்கும் வழி யாது? நாம் இலக்கணம் கற்பித்து நாட் கழித்தவர் ஆகலின், அத்துறையிலிருந்தே ஒன்று கூறுகின்றோம். இரு சொல் தம்முள் கூடுமிடத்து, முன்னது நிலைமொழி, பின்னது வருமொழி. நிலைமொழி தனித்து நிற்கையில் அதன் இயல்பு முற்றும் விளங்காது; வருமொழியோடு கூடும் இடத்திலேதான் விளங்கும். பூசையை நிலைமொழி எனவும் அதன் பின் வரும் உலகியலை வருமொழி எனவும் கொள்க. இரண்டும் கூடும் இடத்தில் மாறுதல் ஒன்றும் இன்றி நினைவு தொடருமாயின் அஃது இயல்பு புணர்ச்சி, மேலோர்க்கே வாய்ப்பது. நம் போல்வார்க்கு உரியது விகாரப் புணர்ச்சி. விகாரம் மூன்று. தோன்றல், திரிதல், கெடுதல் என்பன. பூசையில் இல்லாத சினம் வாயிலுக்கு வந்தவுடன் முளைப்பது தோன்றல். பூசையில் அன்பாயிருந்தது 'நான் பூசை செய்தவன்' என்னும் தருக்காக மாறுவது திரிதல். பூசையில் இருந்த நினைவு வாயிற்படியைக் கடந்ததும் இல்லையாவது கெடுதல். அன்று அம்மாணவன் முன் நமக்கு இம்மூன்றும் ஒருங்கே நிகழ்ந்தன.

ஆகலின் காக்க வேண்டுவது புணரும் இடமே என்பது நம் அநுபவத்திற் கண்டது. அதற்கு நாம் கைக்கொண்டு வரும் சிலவற்றைக் கூறுதும். பூசை நிறைந்தவுடன் எழாது, அன்று நாம் காண இருப்பாரையும் செய்ய இருப்பனவற்றையும் நினைந்து, அவற்றையும் இறைவன் பணியாக ஒப்புவித்துப் பின் எழுதல் வேண்டும். எழுந்தபின் முதற்கண் எதிர்ப்படுவார் யாவராயினும், அவரைப் பூசையின் இறுதி உறுப்பாகக் கருதி இன்சொற் கூறுதல் வேண்டும். வேலையினிடையே, ஒரு தொழில் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடந்தோறும் ஐந்தெழுத்தை ஒருமுறை உள்ளத்தில் எண்ணுதல் எவர்க்கும் அரிதன்று; அதற்கு நேரமும் வேண்டா. இரவிற் கிடக்குமுன், எட்டு மலருள் அன்று பறித்தவை எவை, பறிக்கத் தவறியவை எவை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அலுவல் மிகுந்தார், 'எமக்கு ஒரு நாழிகையும் இல்லையே' என்பர். அவர்க்குக் கூறுவது: குறைத்துச் செய்க, ஒழிக்கற்க. அரை நாழிகையாயினும் குறித்த பொழுதில் அமர்தல், வாய்த்தபொழுது மூன்று நாழிகை அமர்தலினும் பயன் மிக்கது. என்னை? சாக்கிய நாயனாரை எழுப்பியது கல்லின் பெருமையன்று, அஃது உண்ணுமுன் என்று குறித்து நின்றமையே ஆகலின். பயிலும் வெளி சிறிதாயினும் நாடோறும் திறந்திருத்தல் வேண்டும்.

பூசையில் அமர்ந்திருக்கும்பொழுது ஒருவர் வந்து அழைத்தால் என் செய்வது என்று நம்மைச் சிலர் வினவியதுண்டு. வந்தவர் உறுகண் உடையராயின், இறைவனிடத்து விடைபெற்று எழுந்து சென்று, வேண்டுவது செய்து, மீண்டு வந்து தொடர்க. வந்த பொருள் காத்திருக்கத் தக்கதாயின், இருந்து நிறைவு செய்து பின் செல்க. இரண்டிலும் குற்றமில்லை. எழாது இருந்தமை அன்று நாம் செய்த பிழையன்று. சினத்தைச் சுமந்துகொண்டு எழுந்தமையே பிழை. இரண்டாம் முறை அவன் அழைத்தபொழுதே நம் மனம் பூசையை விட்டு அவன்மேற் சினந்து சென்றுவிட்டது. அதன்பின் நாம் செய்தது பூசையும் அன்று. அவனுக்குச் செவிகொடுத்ததும் அன்று. இரண்டும் இழந்தோம்.

ஒன்று எச்சரித்தல் வேண்டும். இவ்விடையறா நினைவையே 'நான் நினைக்கின்றேன்' என்று கொண்டால் அதுவும் ஆணவத்திற்கு மற்றோர் உணவாகிவிடும். கண்ணுக்குக் காணும் ஆற்றல் உயிரால் விளங்குதல்போல, உயிர்க்கு அறியும் ஆற்றல் சிவத்தால் விளங்குகின்றது. நினைப்பதும் அவன் நினைப்பிக்கவே. ஆகலின் நினைவு தொடர்ந்தவழிச் செருக்கும், அறுந்தவழிச் சோர்வும் கொள்ளாது, அறுந்த இடத்திலே மீளத் தொடுத்தலே அடியார்க்குரிய செயல். நூற்கின்றவன் இழை அறுந்ததென்று அழுவதில்லை. முறுக்கி இணைத்து மேலும் நூற்கின்றான்.

அம்மாணவன் இருக்கும் இடத்தைப் பின்னர் உசாவி அறிந்து, நம் பிழையைப் பொறுக்குமாறும், நேரம் வாய்த்தபொழுது வந்து எஞ்சிய புணரியலைக் கேட்குமாறும் கடிதம் எழுதினோம். மறுமொழி இதுகாறும் வந்திலது. அவன் வைத்துச் சென்ற நன்னூற் புத்தகம் பூசையறை வாயிலின் பக்கத்தே உள்ளது. அதனைக் கடந்தே நாம் நாடோறும் உட்புகுகின்றோம். அதனைக் கடந்தே வெளிவருகின்றோம். உட்புகும்பொழுது, 'இன்று இடுவதற்கு மலர் உளவோ?' என்றும், வெளிவரும்பொழுது, 'இட்ட மலர் இன்னும் கையில் உளதோ?' என்றும் அது நம்மை வினவுகின்றது. முதல் வினாவிற்கு ஏனை வேளை விடை கூறல் வேண்டும். இரண்டாம் வினாவிற்குப் பூசை வேளை விடை கூறல் வேண்டும். இவ்விரு விடையும் ஒத்து வரும் நாள் நமக்கு வாய்க்கத் திருவருள் துணை செய்வதாக.

திருச்சிற்றம்பலம்.